22 பேர் ஒரே மலையை வரைந்தார்கள்: தப்பு புரொஜெக்டர் மேலா, என் மேலா?

எல்லைப்பனை (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் வணக்கங்க. நான் டி.எல்.எட். (ஆசிரியர் பயிற்சி) கடைசி செமஸ்டர். ஊர் கேரளாவில் பாலக்காடு மாவட்டம், தமிழ்நாட்டு எல்லை ஓரம். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போற வழி. தமிழ் மீடியத்தில் படிச்சு, தமிழ் மீடியத்துக்கே டீச்சராகப் போகணும்னு படிக்கிறவள். இன்டர்ன்ஷிப் எங்கள் சித்தூர் தாலூகாவிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில். பேர் வேண்டாம். அஞ்சாம் வகுப்பு, 23 பிள்ளைகள்.

செமஸ்டர் முடியும்போது "வகுப்பறையில் தொழில்நுட்பமும் படைப்பாற்றலும்" என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கணும். (மலையாளத்தில் படைப்பாற்றலுக்கு 'சர்கசேஷி' என்பார்கள். முதல் வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டபோது சர்க்கஸ் சம்பந்தப்பட்ட ஏதோ என்றுதான் நினைத்தேன்.) நாலு நாளாக முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நடந்தது இதுதான். நீர்ச்சுழற்சி பாடம். புரொஜெக்டர் இருக்கிறது, ஸ்கிரீன் இருக்கிறது, தமிழ்க் குரலோடு நல்ல வீடியோ ஒன்று கிடைத்தது, நாலு நிமிஷம். சிரிக்கிற சூரியன், கன்னம் உப்பிய மேகம், உச்சியில் பனி மூடிய மலை, கீழே ஊசி ஊசியாக மரங்கள். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். இரண்டு தடவை போடச் சொன்னார்கள், போட்டேன். அப்புறம் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்து, "நீங்க புரிஞ்சுக்கிட்டத வரைங்க" என்றேன்.

22 பேர் அந்த மலையையே வரைந்தார்கள். பனியோடு. எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடிகாலையில் கடலைக்காட்டில் காலை நனைக்கிற பனிதான். அந்த ஊசி மரத்தை இந்தப் பிள்ளைகளில் ஒருத்தர்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே பத்துப் பனை நிற்கிறது, ஒரு தாளிலும் பனை இல்லை.

ஒரு பொண்ணு மட்டும் மலை வரையவில்லை. தாளின் மூலையில் ஒரு மேகம். மேகத்துக்கு அடியில் இரும்புச் சட்டம், அதுக்கு மேலே சக்கரம் மாதிரி ஒரு கைப்பிடி.

"இது என்ன கண்ணு?"

"மதகு டீச்சர். திருகி உட்டாத்தானே தண்ணி வரும்?"

நான் என்ன செய்திருக்கணும் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் சொன்னது: "வீடியோல அப்படியா காட்டினாங்க? நல்லாப் பாத்து வரை." ஒன்றும் பேசாமல் அழித்தாள். அழித்த இடத்தில் தாள் லேசாகக் கிழிந்தது. கிழிசல் மறையுற மாதிரி அதுக்கு மேலேயே பனிமலையை வரைந்து கொடுத்தாள். ஆக 23-க்கு 23.

இதில் வேடிக்கை, அன்றைக்குத்தான் என் கிளாஸைப் பார்க்க வந்திருந்தார்கள். ஐசிடியை (அதாவது கம்ப்யூட்டர், புரொஜெக்டர் மாதிரி தொழில்நுட்பத்தை) நன்றாகப் பயன்படுத்தினேன் என்று பாராட்டு. டீச்சிங் மேனுவலில் (டிஎம், பாடம் நடத்தும் முன் எழுதி வைக்கிற குறிப்பு) அதுக்கென்றே நான் போட்டிருந்த கட்டத்தில் ஒரு டிக், பக்கத்தில் ஒரு கையெழுத்து.

இரண்டாவது சம்பவம் அடுத்த வாரம். கரண்ட் போய்விட்டது. கையில் பாடம் எதுவும் தயாராக இல்லை. சும்மா என் போனில் பள்ளிக்கூட மணிச் சத்தத்தைப் பிடித்து வைத்திருந்ததைப் போட்டு, என்ன சத்தம் என்று கேட்டேன். சத்தம் போட்டுச் சொன்னார்கள். சரி, நாளைக்கு உங்கள் வீட்டுப் பக்கம் கேட்கிற ஒரு சத்தத்தை வீட்டுப் போனில் பிடித்து எனக்கு அனுப்புங்கள் என்று விட்டேன். ஒன்பது வந்தது. மிக்ஸி, மாடு, கோயில் மைக், பஸ் ஹாரன். ஒன்பதாவது ஒரு பையனுடையது. டொக், டொக், டொக். கொஞ்சம் நிற்கும். அப்புறம் டொக்டொக்டொக் என்று வேகமாக. மரங்கொத்தி என்றார்கள், ஆசாரி என்றார்கள், தேங்காய் உடைக்கிறார்கள் என்றார்கள். அவன் எல்லாரும் தோற்கிற வரைக்கும் காத்திருந்து மெதுவாகச் சொன்னான்: "எங்க மாமா பாளை தட்டுறாரு."

மூன்று வாரத்தில் அந்தப் பையன் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பத்து நிமிஷம் நின்றபடி பேசினான். கள்ளு இறக்க, பாளை விரிவதற்கு முந்தி கயிற்றால் சுற்றிக் கட்டணும், தினமும் தட்டி இளக்கணும், ஓங்கி அடித்தால் பாளை செத்துவிடும், மெல்லத் தட்டினால் ஊறாது, மாமா சத்தத்தை வைத்தே இது ஆச்சா ஆகலையா என்று சொல்லிவிடுவார். பின்பெஞ்சில் ஒருத்தி எழுதினாள்: "மரத்து மேல யாரோ கதவத் தட்டுறாங்க. உள்ள இருந்து கள்ளு எட்டிப் பாக்குது." நான் எழுதச் சொல்லவே இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பிலிருந்து வந்து பார்த்தார்கள். "இது டிஎம்-ல எங்க இருக்கு? கள்ளப் பத்தியெல்லாம் அஞ்சாங்கிளாஸ்ல பேசலாமா?" என்னிடம் பதில் இல்லை. அன்றைய டிஎம்-மில் அந்தக் கட்டம் காலி.

இப்போது நான் குறிப்பில் என்ன எழுதுவது? புரொஜெக்டர் படைப்பாற்றலைக் கெடுக்கும், போன் வளர்க்கும் என்றா? எனக்கே சிரிப்பு வருகிறது. இரண்டும் மெஷின்தானே. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கதை எழுத சாட்ஜிபிடியைக் கேட்டும் பார்த்தேன். "ஓர் அழகிய கிராமத்தில்" என்று ஆரம்பித்து நேர்மையே சிறந்தது என்று முடித்தது. பிள்ளைகளிடம் வாசித்தேன். "அந்த ஊருக்கு எந்த பஸ் டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்டதோடு அது முடிந்தது.

---

பழைய ஹெச்எம்

அம்மிணி, நான் சித்தூர்ப் பக்கம் 31 வருஷம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். முதலில் உன் புரொஜெக்டருக்கு ஜாமீன் கொடுத்துவிடுகிறேன்.

1980-களில் கரண்டே இல்லாத ஓட்டுக் கொட்டகையில் நான் "உனக்குப் பிடித்த காட்சி வரை" என்று சொல்வேன். நாற்பது பேரும் என்ன வரைவார்கள் தெரியுமா? இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலைக்கு நடுவிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் நாலு காக்கை, அதுவும் 'வ' எழுத்தைக் கவிழ்த்தது போல. நீயும் வரைந்திருப்பாய். உன் அம்மாவும் வரைந்திருப்பாள். அந்தப் படத்தை எந்த வீடியோவும் சொல்லிக் கொடுக்கவில்லை. கலர் சாக்பீஸால் கரும்பலகையில் போட்டு, "இதப் பாத்து வரைங்கடா" என்று சொன்னது நாங்கள்தான். அப்புறம் அது பிள்ளையிடமிருந்து பிள்ளைக்குத் தானாகவே பரவியது, அம்மை பரவுகிற மாதிரி.

ஆகவே, கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான். மதகை அழிக்கச் சொன்னது புரொஜெக்டரா?

கோபித்துக்கொள்ளாதே. நானும் இப்படி நிறைய மதகுகளை அழிக்க வைத்தவன்தான். அந்தப் பிள்ளை வரைந்தது எவ்வளவு சரியானது என்பதையும் நீ தெரிந்துகொள்ளணும். நம் கிழக்குப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை ஒழுங்காக எட்டாது. பாலக்காட்டு டவுனில் குடை பிடிக்கும்போது எருத்தேம்பதியிலும் வடகரப்பதியிலும் புழுதி பறக்கும். நம் வயலுக்குத் தண்ணீர் வருவது தமிழ்நாடும் கேரளாவும் போட்ட பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தத்தின்படி. கையெழுத்தானது 1970-இல், நடைமுறைக் கணக்கு 1958-இலிருந்து. வருஷத்துக்கு 7.25 டிஎம்சி, மணக்கடவு அணைக்கட்டில் அளந்து விடவேண்டும். அங்கிருந்து மூலத்தரை வந்து இடது, வலது கால்வாய்களில் பிரிகிறது. தண்ணீர் எப்போது வரும் என்று நம் ஜனங்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, பேப்பரைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் இரண்டு மாநிலத்துக்கும் பேச்சுவார்த்தை, பஸ் மறியல், கலெக்டர் ஆபீஸ் முன்னால் தர்ணா. அந்தப் பொண்ணு மேகத்தில் மதகு வைத்திருக்கிறாளே, அதில் விஞ்ஞானமும் இருக்கிறது, அரசியலும் இருக்கிறது. நாலு நிமிஷ வீடியோவில் இரண்டும் கிடையாது.

கள்ளைப் பற்றி: அந்த மாமா லைசென்ஸ் தோப்பில் ஏறுகிறவர்தானே? பின்னே என்ன. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. ஆகவே நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சத்தம் தெரியாமலே போகலாம். நம் பிள்ளைக்குத் தெரிகிறது. குடிக்கவா சொல்லிக் கொடுத்தாய்?

---

லேப் பொறுப்பு

ஹெச்எம் சார் சொன்னதை ஒப்புக்கொள்றேன். ஆனா கருவிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. நான் இருபது வருஷமா ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறவன், அதனால சொல்றேன்.

கேரளாவில 2001-ல ஸ்கூல்ல கம்ப்யூட்டர் கல்விக்காக ஐடி@ஸ்கூல்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. 2017-ல அதுதான் கைட்ங்கிற அரசு நிறுவனம் ஆச்சு. 2018-லிருந்து 8 முதல் 12 வரைக்கும் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கினாங்க, பிறகு ப்ரைமரிக்கும் லேப் வந்தது. 2020 அக்டோபர் 12 அன்னைக்கு பொதுக்கல்வி முழுக்க டிஜிட்டல் ஆச்சுன்னு அறிவிச்சாங்க. இதுல எனக்குப் பெருமை எதுன்னா, எண்ணிக்கை இல்லை. எல்லாம் கட்டற்ற மென்பொருள். உபுண்டுவை அடிப்படையா வெச்ச இயங்குதளம், யாருக்கும் லைசென்ஸ் காசு கிடையாது, பிள்ளை வீட்டுக்கும் அதே மென்பொருளைக் கொண்டு போகலாம். பிரிச்சுப் பார்க்கலாம், மாத்தலாம்.

ஆனா நடைமுறையில? நான் பார்த்த ஒரு ஸ்கூல்ல லேப்டாப் எல்லாம் பீரோவுக்குள்ள, பீரோ சாவி ஹெச்எம் மேஜைக்குள்ள, மேஜை சாவி ஹெச்எம் பையில. கெட்டுப் போனா யார் பதில் சொல்றதுன்னு பயம். வெளியே இருக்கிறது புரொஜெக்டர் மட்டும். புரொஜெக்டர் ஒரு திசையிலதான் வேலை செய்யும், அது காட்டும், பிள்ளை பார்க்கும். உங்க போன்ல பிள்ளை பேசினான், நீங்க கேட்டீங்க. இதுதான் வித்தியாசம்னு எனக்குப் படுது. குறிப்புல இதை எழுதுங்க.

நாளைக்கே செய்யக்கூடிய விஷயம் சிலது சொல்றேன். வீடியோவை முழுசாப் போடாதீங்க. முதல் நாற்பது செகண்ட் சத்தமில்லாமப் போட்டு நிறுத்திட்டு, "அடுத்து என்ன?"ன்னு கேளுங்க. வரையறது வீடியோவுக்கு முன்னாடி இருக்கட்டும், பின்னாடி வேண்டாம். முதல்ல மதகு வந்திடும், அப்புறம் பனிமலையைப் பார்த்து அவங்களே சண்டைக்கு வருவாங்க.

டக்ஸ் பெயின்ட்னு பிள்ளைங்க படம் வரையற மென்பொருள் நம்ம லேப்டாப்புல உண்டு, தமிழ்லயும் வரும். அதுல ரெடிமேடு முத்திரைப் படங்கள் இருக்கு: பூ, பூனை, பறவை. பிள்ளைங்க அதைக் குத்துறதுலயே பீரியட் போயிடும். செட்டிங்ஸ்ல முத்திரையை வரவிடாம நிறுத்திட முடியும். நிறுத்திட்டுப் பாருங்க, முதல் பத்து நிமிஷம் அழுவாங்க, அப்புறம் கோடு போட ஆரம்பிப்பாங்க. ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி இருக்கு. அந்தப் பாளைச் சத்தத்தை மணிச் சத்தத்தோட சேர்த்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, இது எல்லைப் பிள்ளைங்களுக்குன்னே அமைஞ்ச மாதிரி. நம்ம ஐடி கிளாஸ்ல மலையாளம் டைப் பண்ணச் சொல்லித் தர்றது இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. எல்லா இந்திய மொழிக்கும் ஒரே இடம். கே விசையில மலையாளத்துலயும் க, தமிழ்லயும் க. ஜே-யில ரெண்டுலயும் ர. சி-யில ம. மொழியை மட்டும் மாத்தி விட்டா மலையாளம் டைப் தெரிஞ்ச நம்ம பிள்ளைக்கு விரல் தானாவே தமிழ் அடிக்கும். ஒரு பொண்ணுக்கு இதைக் காட்டினப்ப, "அப்ப ரெண்டு பாஷையும் ஒரே வீட்டுலதான் இருக்கா சார்?"ன்னு கேட்டா. எனக்கு அன்னைக்குப் பூரா அதே நினைப்பு.

---

நகரி வாத்தியார்

நான் ஆந்திரா பக்கம், திருத்தணி தாண்டி நகரி. இங்கேயும் தமிழ்ப் பிள்ளைங்கதான், வீட்டுல தமிழ், கடையில தெலுங்கு, போன்ல ரெண்டும் கலந்து. தெருவுக்குள்ள நுழைஞ்சா பவர்லூம் சத்தம். எங்க பிள்ளைங்களைச் சத்தம் பிடிச்சிட்டு வரச்சொன்னா 30 பேரும் ஒரே சத்தத்தைத்தான் கொண்டு வருவாங்கம்மா. ஆனா யார் வீட்டுத் தறி எதுன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவாங்க!

தொழில்நுட்பம்னா நாம உடனே ஸ்கிரீன்னு நினைச்சுடறோம். எனக்கு அந்த நினைப்பு மாறினது ஏழாவது படிக்கிற ஒரு பையனால. கணக்கு வகுப்புல கவனிக்காம கட்டம் போட்ட நோட்டுல சில கட்டங்களை மட்டும் கறுப்பாக்கிட்டே இருந்தான். நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். மயில். கட்டம் கட்டமா ஒரு மயில். "என்னடா இது?" "புட்டா சார். பெரியப்பா இதப் பாத்துத்தான் அட்டை குத்துவாரு."

ஞாயித்துக்கிழமை அந்தப் பெரியப்பா வீட்டுக்கே போனேன். தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டி. அதுல மாலை மாதிரி கோத்த அட்டைங்க, அட்டை பூரா ஓட்டை. ஓட்டை இருக்கிற இடத்துல ஊசி உள்ளே போகும், அதுக்குச் சேர்ந்த கொக்கி பாவு நூலை (நெடுக்கு நூலை) தூக்கும். ஓட்டை இல்லாட்டி ஊசி தள்ளப்படும், நூல் கீழேயே இருக்கும். ஒரு ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) ஒரு அட்டை. ஒரு முழம் கூட வராத மயிலுக்கு நூத்துக்கணக்குல அட்டை. நோட்டுல ஒரு கட்டம்னா சீலையில ஒரு நூல் மேலேயா கீழேயாங்கிறதுதான்.

பிரான்ஸ்ல ஜக்கார்டுங்கிறவர் இதை 1804-ல செஞ்சார். அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்துல பாபேஜ்ங்கிற கணித மேதை 1830-கள்ல தன் கணக்குப் போடற எந்திரத்துக்கும் ஓட்டை போட்ட அட்டையை யோசிச்சார். ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. ஒண்ணு, பூஜ்யம். இவ்வளவையும் நான் காலேஜ்ல படிச்சிருக்கேன், பரீட்சை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். என் பள்ளிக்கூடத்துக்கு மூணாவது தெருவுல அது ஓடிக்கிட்டு இருக்குன்னு எனக்குத் தெரியல. கணக்கு கவனிக்கலைன்னு நான் அடிக்கப் போன பையனுக்குத் தெரிஞ்சிருக்கு.

அப்புறம் கட்ட நோட்டு வேலை எல்லாருக்கும் கொடுத்தேன். முதல்ல காகிதத்துல, அப்புறம் கம்ப்யூட்டர்ல விரிதாளைத் திறந்து கட்டத்துக்குக் கலர். சிலது அசிங்கமா வந்துச்சு. ஒருத்தி மயிலுக்குப் பதிலா எங்க ஸ்கூல் தண்ணித் தொட்டியும் அது மேல உக்காந்த குரங்கும் போட்டா. பெரியப்பாகிட்ட காட்டினோம். குரங்கை உத்துப் பார்த்துட்டு, "வால் மூணு நூல் அகலம் வேணும், ஒத்த நூல்ல நிக்காது"ன்னார். எந்த டீச்சர் இப்படித் திருத்துவாங்க சொல்லுங்க? நானா இருந்தா 'குட்' போட்டுட்டுப் போயிருப்பேன்.

உங்க பாளை தட்டுற மாமாவை ஒரு நாள் வகுப்புக்கே கூப்பிடுங்கம்மா. போன்ல பிடிச்ச சத்தம் வாசல்தான்.

---

லயத்துப் பிள்ளை

மூணாறு பக்கம், எஸ்டேட் ஸ்கூல். சுருக்கமா சொல்லிட்டுப் போறேன், நாளைக்கு எக்ஸாம் டூட்டி.

2020 ஜூன் 1-ல, கொரோனாவுக்கு ஸ்கூல் மூடினப்ப டிவியில ஃபர்ஸ்ட் பெல் வகுப்பு ஆரம்பிச்சாங்க, எங்க லயத்துல (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்ல) சிக்னல் கிடையாது. நாங்க தமிழ் வகுப்பை டவுன்ல இறக்கி பென் டிரைவ்ல லயம் லயமா கொண்டு போனோம். யார் வீட்டு டிவியில குத்துற வசதி இருக்கோ அந்த வீட்டு வாசல்ல பிள்ளைங்க உக்காரும். மழை, கரண்ட் போகும், பாதியில நிக்கும்.

ஒரு நாள் போறேன், டிவி ஓடல, ஆனா கிளாஸ் நடக்குது. தேயிலைப் பெட்டி அட்டையில ஜன்னல் மாதிரி வெட்டி, அதுக்குள்ள ஆறாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி தலையை நீட்டிக்கிட்டு சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறா. "வணக்கம் மாணவர்களே"ன்னு அதே குரல். நடுநடுவே அவளே உறைஞ்சு போய் வாயைத் திறந்தபடி நிப்பா, பிள்ளைங்க "பஃபர் ஆவுது, பஃபர் ஆவுது"ன்னு கத்தும். அதைவிட நல்ல டிஜிட்டல் கிளாஸ் நான் இன்னும் பார்க்கல.

---

ரெண்டு பிள்ளைக்கு அப்பன்

நான் வாத்தியார் இல்லீங்க, லாரி ஓட்டுறேன், வாளையார் வழியா வாரத்துக்கு நாலு நடை. படிச்சுட்டு இருந்தேன், ஒண்ணு கேக்கோணும்னு தோணுச்சு.

போன்ல சத்தம் புடிச்சுட்டு வாங்கன்னு சொன்னீங்க, ஒம்பது பேரு கொண்டாந்தாங்கன்னு சொன்னீங்க. மிச்சம் 14 பேரு? எங்க ஊட்டுல ஒரே போனு. அது எங்கூட லாரியில போயிரும். எம் பையன் ஸ்கூல்ல இது மாதிரி ஏதோ வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னப்ப நான் சேலத்துல லோடு எறக்கிட்டு இருக்கேன். அவன் பக்கத்து ஊட்டு போன வாங்கி எடுத்து, அவங்க நெட்டு காலியாயிருச்சுன்னு ஏச்சு வாங்கி, கடைசில அனுப்பவே இல்ல. அடுத்த நாள் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னுட்டான்.

குத்தம் சொல்லல டீச்சர். அந்த 14 பேர்ல அந்த மதகு பொண்ணும் இருந்துச்சுங்களா?

---

எல்லைப்பனை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கணும். இன்டர்ன்ஷிப் வெள்ளிக்கிழமை முடிந்தது.

லாரி அண்ணா, உங்கள் கேள்வியைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆமாங்க, இருந்தாள். அவள் வீட்டில் பட்டன் போன்தான். ஒன்பது வந்ததே என்ற சந்தோஷத்தில் வராததை எண்ணவே இல்லை நான். அடுத்த நாளிலிருந்து வீட்டுப் போன் கதையை நிறுத்தினேன். என் போனையே ஃப்ளைட் மோடில் போட்டு, இன்டர்வெல்லில் ஒன்று, மத்தியானம் சோற்றுக்கு அப்புறம் ஒன்று என்று முறை வைத்துக் கொடுத்தேன். கீழே போட்டு ஸ்கிரீன் மூலையில் ஒரு கீறல். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

லேப் பொறுப்பு அண்ணா சொன்னபடி வீடியோவுக்கு முந்தி வரைய வைத்தேன், வேறு பாடத்துக்கு. பாதிதான் பலித்தது. பனிமலை வரவில்லை, ஆனால் எட்டுப் பேர் ஹெச்எம் ஐயா சொன்ன அந்த இரண்டு மலையையும் நடுச்சூரியனையும் போட்டுவிட்டார்கள்! ஐயா, உங்கள் காலத்து அம்மை இன்னும் போகவில்லை. இன்ஸ்கிரிப்ட் விஷயம் நன்றாகப் பிடித்தது. பாளைச் சத்தப் பையன் தன் பேரை இரண்டு மொழியிலும் அடித்து, கீழே மாமா பேரையும் அடித்தான். மாமாவைக் கூப்பிட்டோம். வரவில்லை. "பள்ளிக்கூடத்துல எனக்கு என்ன வேலை" என்று சொல்லிவிட்டாராம். ஆனால் பையனிடம் தட்டுகிற கட்டையைக் கொடுத்து அனுப்பியிருந்தார். பிடித்துப் பிடித்துக் கைப்பிடி கண்ணாடி மாதிரி வழவழ. வரிசையாகக் கை மாறி எல்லாரும் பார்த்தார்கள், நானும்.

மதகுப் பொண்ணிடம் போய் உட்கார்ந்தேன். "அன்னைக்கு வரைஞ்சியே, அதை இன்னொரு தடவை வரைஞ்சு தர்றியா?" என்றேன்.

"அது தப்புன்னு சொன்னீங்கல்ல டீச்சர்."

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் கண்ணு."

சரி என்று தலையை ஆட்டினாள். ஆனால் வரையவில்லை. மறுநாளும் வரையவில்லை. நானும் கேட்கவில்லை. குறிப்பில் இதைத்தான் முதல் பத்தியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். மார்க் என்ன வருமோ.

கடைசி நாளைக்கு முந்தின நாள் போன் அவள் முறை. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை. கொடுத்தேன். காலையில் திருப்பித் தந்தாள், முந்தானைத் துணி மாதிரி ஏதோ ஒன்றில் சுற்றி. வகுப்பில் போட்டேன். ஒரு நிமிஷம் பத்து செகண்ட். ஒன்றும் கேட்கவில்லை. வால்யூமை முழுசாக ஏற்றினேன். காற்று மாதிரி லேசாக ஒரு இரைச்சல், அவ்வளவுதான். பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ரெக்கார்ட் பட்டனைச் சரியாக அமுக்கவில்லையோ என்று நினைத்தேன். இந்தத் தடவை வாயைத் திறக்கும் முன் கொஞ்சம் பொறுத்துக்கொண்டேன்.

"இது என்ன சத்தம் கண்ணு?"

"வாய்க்கா டீச்சர். இன்னும் தண்ணி உடல."

யாரோ இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டேன். 23 பேரும் மூச்சு விடாமல் கேட்டார்கள். கடைசியில், தூரத்தில், ஒரே ஒரு ஆடு கத்துகிறது.